வரைபுக் கருவிகளும் அவற்றின் ஆயுளும்

எண்களை அட்டவணையாக நிரைப்படுத்துதல் தொன்மையான வழக்கு; அவற்றைக் கோடாகவும் சலாகையாகவும் வரைந்து கண்ணுக்குப் புலனாக்குதல் பிற்காலத்தது. 1786ஆம் ஆண்டிலே வில்லியம் பிளேபெயர் என்னும் ஸ்கொத்லாந்தியர் வெளியிட்ட நூலிலே இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகள் கோட்டு வரைபுகளாய் அமைந்தன. ஸ்கொத்லாந்தின் வணிகத்துக்குப் பல்லாண்டுக் கணக்குக் கிடையாமையால், ஓராண்டுக் கணக்கை அவர் சலாகைகளாக வரைந்தார். தரவின் இயல்பே வரைபின் வடிவைத் தீர்மானித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அச்சேறிய அவ்வரைபுகளை இன்றும் காணலாம். இணையப் பக்கத்து வரைபோ அத்தகைய உறுதி வாய்ந்ததன்று. பக்கம் திறக்கப்படுந்தோறும் அது புதிதாக வரையப்படுகின்றது. வரையும் நிரல் இல்லையேல் வரைபும் இல்லை. 1995இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய யாவாஸ்கிரிப்ட் மொழியில், வரைதற்கு வேண்டிய நிரல்களைத் தொகுத்து வைத்தனவே வரைபு நூலகங்கள் எனப்படுவன. அவற்றுள் எதனைத் தெரிதல் வேண்டும் என்னும் வினாவுக்கு வரலாறே தக்க விடை பகர்கின்றது.

ஒரு காலத்தில் அசையும் வரைபுகள் பல பிளாஷ் என்னும் செருகு நிரலை நம்பியிருந்தன. 2007இல் வெளிவந்த ஐபோன் அதனை ஏற்கவில்லை; 2020ஆம் ஆண்டின் இறுதியோடு அதற்கான ஆதரவும் நின்றது. 2007இல் கூகிள் நிறுவனம், எண்களை இணைய முகவரியில் எழுதி அனுப்பினால் வரைபைப் படமாக்கித் தரும் சேவையொன்றைத் தொடங்கிற்று. 2012இல் அது கைவிடப்படுமென அறிவிக்கப்பட்டு, 2019இல் நிறுத்தப்பட்டது. அதனை நம்பிய பக்கங்களில் வரைபுகள் மறைந்தன.

இவற்றோடு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துத் தோன்றிய நூலகங்களை ஒப்பிடுக. 2009இல் பிறந்த புரொட்டோவிஸ் ஈராண்டுகளில் வளர்ச்சி நின்றது. 2011இல் மைக் பொஸ்ரொக் முதலியோர் அதன் வழித்தோன்றலாக டி3 நூலகத்தை ஆக்கினர். 2016இல் வந்த அதன் நான்காம் பதிப்பு பழைய நிரல்களோடு பொருந்தவில்லை. ஆயினும் மூல நிரல் யாவர்க்கும் திறந்து கிடந்தமையின், பழைய பதிப்பைத் தம் தளத்திலே வைத்திருந்தோர் அதனைத் தொடர்ந்து பயன்படுத்த இயன்றது. கருவி முதுமையடைதல் வேறு. பிறர் கையால் பறிக்கப்படுதல் வேறு.

நிற்க. டி3 ஆயத்த வடிவங்களைத் தருவதன்று. கட்டுப்பாடற்ற உரிமையைத் தந்து உழைப்பைக் கேட்பது. 2013இல் தோன்றிய சார்ட்.ஜேஎஸ் சில வரிகளிலேயே சலாகை வரைபையும் வட்ட வரைபையும் தரும். அதுவும் திறந்த நிரலே. 2009இல் நோர்வேயிலிருந்து வந்த ஹைசார்ட்ஸ் வளமிக்கதெனினும், வணிகப் பயனுக்கு உரிமக் கட்டணம் வேண்டுவது. மேலும், டி3 வழக்கமாக வரையும் எஸ்விஜி முறையில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்தின் தனியுறுப்பாகும்; புள்ளிகள் பல்லாயிரமாயின் உலாவி தளரும். சார்ட்.ஜேஎஸ் கையாளும் கன்வஸ் முறையோ அனைத்தையும் ஒரே பரப்பில் தீட்டுவதால் அச்சுமை குறைவு.

ஆதலின், தரவின் இயல்பையும் அளவையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும். பின்னர் உரிமத்தையும், நிரலைத் தம் தளத்திலே வைத்தாள இயலுமா என்பதையும் நோக்குதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, தரவை நூலகத்தின் நிரலோடு பிணைத்துவிடாது தனிக் கோப்பாகப் பேணுதல் வேண்டும். கருவி நாளை மாறலாம். தரவைக் காத்தவன் மீண்டும் வரைவான்.