ஓர் உத்தரவும் ஒரு வீடும்

கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகை என்றதும் வீரட்டானேசுவரர் கோயிலும், அப்பர் பெருமானுக்குச் சூலை நோய் தீர்ந்த கதையும் நம் நினைவுக்கு வரும். அந்தக் கதைக்கு முந்திய கதை ஒன்று உண்டு. அது அவருடைய தமக்கை திலகவதியாரின் கதை.

பெரியபுராணத்தில் சேக்கிழார் அதைச் சொல்கிறார். கலிப்பகையார் என்ற சேனைத் தலைவருக்குத் திலகவதியாரைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் நடப்பதற்குள் அரசனுடைய கட்டளை வந்துவிட்டது. கலிப்பகையார் வடபுலத்துப் போருக்குப் புறப்பட்டார். அவர் களத்தில் இருந்தபோது, திருவாமூரில் பெண்ணின் தகப்பனார் நோயில் விழுந்து இறந்தார். தாயாரும் உடன் மாய்ந்தார். அடுத்தாற்போல் கலிப்பகையார் மடிந்த செய்தியும் வந்தது. உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பி அழுது மன்றாடியதால் உயிர் தரித்தார். பின்பு திருவதிகைக்கு வந்து, கோயிலைப் பெருக்கி மெழுகி, மாலை தொடுத்து வாழ்ந்தார்.

இதை நாம் பக்திக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். கொஞ்சம் உத்தியோகக் கதையாகவும் படித்துப் பார்க்கலாமே! அரசனுக்கு அது அன்றாடம் இடும் உத்தரவுகளில் ஒன்று. திருவாமூரில் ஒரு பெண்ணுக்கோ அதுவே ஆயுள் முழுவதும். மேலே இருப்பவர் வாயிலிருந்து புறப்படும் சொல் கச்சேரியிலோ ஆலையிலோ நின்றுவிடுவதில்லை. வேலை செய்கிறவன் கூடவே நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவனோடு வீட்டுக்குள் நுழைகிறது. கணவனுடைய முகத்தைப் பார்த்தே, அன்று மேலதிகாரி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளும் மனைவிமார்கள் நம் நாட்டில் எத்தனை பேர்!

அரண்மனை போய் ஆலை வந்த பிறகு, இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஓவன். 1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் நியூ லானர்க் என்ற ஊரின் பஞ்சாலையை நிர்வகிக்க வந்தவர் அவர். அமெரிக்காவிலிருந்து பஞ்சு வராமல் ஆலை மாதக்கணக்கில் நின்றபோது, ஒருவரையும் விலக்காமல் முழுக் கூலியும் கொடுத்தார். 1816-இல் தொழிலாளிகளின் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். ஆலைக் குழந்தைகளைக் காக்கச் சட்டம் வேண்டும் என்றும் வாதாடினார். 1819-இல் சட்டம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் பாதிகூட அதில் இல்லை.

நம் நாட்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா 1877-இல் நாகபுரியில் எம்பிரஸ் மில்லைத் தொடங்கினார். நிர்வாகத்துக்கு ரயில்வே உத்தியோகத்திலிருந்து பெஸான்ஜி மேத்தா வந்தார். ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. வேறொருவராக இருந்தால் அபராதம் போட்டிருப்பார். அங்கே பரிசு கொடுத்தார்கள். 1886-இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார்கள். அந்தக் கருணையில் கணக்கும் இருந்தது என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டுமே! முதுமைக்கு ஒரு வழி உண்டு என்று தெரிந்த வீட்டில் இரவில் நிம்மதியாகத் தூங்குவார்கள் அல்லவா? டாட்டாவின் ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912-இல் எட்டு மணி வேலையும், 1920-இல் பிராவிடண்டு நிதியும், 1928-இல் பிரசவ உதவியும் வந்தன.

சென்னையில் நடந்தது வேறு. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் நிர்வாகத்தார் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஆனாலும் அந்தத் தொழிலாளிகள்தாம் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார்கள், திரு. வி. க.வும் அதில் தலைவர்களில் ஒருவர். அவர்களுடைய குறைகளில் ஒன்று, மத்தியானம் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட நேரம் போதவில்லை என்பது. பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தந்துவிட்டு, தகப்பனைச் சோற்றுப் பாத்திரத்தோடு ஓட வைத்தால் அந்த வீடு எப்படி வாழ்த்தும்?

இந்த மூன்று கதைகளிலிருந்தும் ஒன்று தெரிகிறது. ஒரு மனிதருடைய நல்ல மனம் அவர் அந்த நாற்காலியில் இருக்கும் வரையில்தான். அது விதியாக மாறினால்தான் அடுத்தவர் காலத்திலும் வீடு பிழைக்கும். அப்படித்தான் 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்குத் தனி அறை கேட்டது. 1952-இல் பிராவிடண்டு நிதிச் சட்டமும், 1961-இல் பிரசவ உதவிச் சட்டமும் வந்தன. யாரோ சிலர் மனமுவந்து செய்தது எல்லோருக்கும் உரிமையாயிற்று.

விதி வந்துவிட்டால் நல்ல மனத்துக்கு வேலை தீர்ந்ததா? விடையைத் தேடித் தொலைவு போக வேண்டாம். திருவதிகைக்குப் பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1956-இல் அங்கே பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1957-இல் நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. வட்டம் வட்டமாக வீடுகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி என்று ஒரு நகரமே எழுந்தது.

அந்தப் பூமியில் ஒரு விசித்திரம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் குமுறிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கத்துக்கே ஆபத்து. ஆகவே தீபாவளி, பொங்கல் என்று எல்லா யந்திரங்களையும் நிறுத்திவிட முடியாது. ஊரே ஷிப்டுக் கணக்கில் விழிக்கிறது, உறங்குகிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்த தகப்பன் பகலில் தூங்க, குழந்தைகள் சத்தமில்லாமல் விளையாடக் கற்றுக்கொள்கின்றன.

எத்தனை மணி வேலை என்பதை விதி சொல்லும். குழந்தைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடிக்கும் இரவில், 'நீ வீட்டுக்குப் போ, உன் ஷிப்டுக்கு வேறு ஆள் போடுகிறேன்' என்று எந்த விதி சொல்லும்? அதை ஒரு மனிதர்தாம் சொல்ல வேண்டும். அதிலும், நிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடிய ஒப்பந்தத் தொழிலாளியின் நிலையை நினைத்துப் பாருங்கள். விதியின் நிழல் யாருக்குக் குறைவோ, அவருடைய வீட்டு அடுப்பு ஒரு மேஸ்திரியின் மனத்தை நம்பித்தான் எரிகிறது. இது நல்லதல்ல. அவருக்கும் முதலில் விதி வேண்டும். அதற்கு மேல் மனம் வேண்டும்.

உத்தரவு இடாமல் உலகம் நடக்காது. போருக்குச் சேனைத் தலைவன் வேண்டும். சுரங்கத்துக்கு இரவு ஷிப்டு வேண்டும். ஆனால் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். கலிப்பகையாரிடம் அந்த அரசன் கேட்டதாகப் புராணம் சொல்லாத கேள்விதான் அது:

"வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா, அப்பா?"