இறுகிப்போன ஆயில் ஃபில்டர்

கொச்சியில் படகு இன்ஜின்களோடு பிழைப்பு நடத்துகிறேன். அடிக்கடி மல்லுக்கட்டுவது இறுகிப்போன ஆயில் ஃபில்டரோடுதான். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டுங்க.

இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டரை 1923-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட். அப்புறம் நெடுநாள் புழங்கியது கிண்ண வகை: நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் எலிமெண்ட்டை மட்டும் மாற்றுவார்கள். டப்பாவோடு திருகும் வகை 1950-களில் வந்தது. கையாலேயே மாட்டலாம் என்பதுதான் அதன் சௌகரியம்.

அதே காலத்தில், 1953-ல், கொல்லம் பக்கத்து நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. கேரளக் கரையில் இயந்திரப் படகுகள் பெருகின. பின்னாளில் டப்பா ஃபில்டரும் படகேறியது. நம்மாட்கள் அதை ஸ்பேனர் போட்டு முறுக்கினார்கள்! சூட்டில் ரப்பர் வாஷர் ஒட்டிக்கொள்ளும், உப்புக்காற்றில் தகரம் துருப்பிடிக்கும். ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பினால் தகரம்தான் கிழியும். அடிப்பக்கம் ஒட்டிச் செயின் ஸ்பேனர் போட்டால் அசையும்.

கழற்றியதும் பழைய வாஷர் இன்ஜினில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேலேயே புதியதை மாட்டினால் நடுக்கடலில் ஆயில் பீய்ச்சி வெளியேறி இன்ஜின் ஜாம் ஆகும். உள்ளே இருப்பவர்கள் கதி? புது வாஷரில் ஆயில் தடவுங்கள். வாஷர் தொட்டபின் பெரும்பாலான ஃபில்டருக்கு முக்கால் சுற்று போதும். கையால்தான்.