புதிய பேட்டையில் பிள்ளைகளுக்கு ஓர் இடம்



குடும்பம் ஒன்று வீடு மாறுகிறது என்றால், பெட்டி படுக்கை, பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் லாரியில் ஏற்ற முடியாதவையும் உண்டு. பிள்ளை காலையில் நடந்து போகும் பள்ளிக்கூடம் அவற்றுள் ஒன்று. தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டுப் பாட்டி இன்னொன்று. இவை பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. புதிய இடத்தில் இவற்றைப் புதிதாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரின் வீடமைப்பு வரலாற்றைப் பேசும்போது எத்தனை மாடி, எத்தனை அறை என்ற கணக்கையே நாம் பெரிதும் கேட்கிறோம். அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் எங்கே படித்தார்கள், பகலில் அவர்களை யார் கவனித்துக்கொண்டார்கள் என்ற கேள்வியை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் கம்பத்து வாழ்க்கையை நினைவுகூர்வோம். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட வீடுகள் நெருங்கி நின்றன. கதவுகள் பகலெல்லாம் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே உறங்கிவிடும். குழந்தைப் பராமரிப்பு என்று தனியாக ஒரு சொல் தேவைப்படாத காலம் அது. அதற்காக அந்நாளை வெறும் இன்ப நாளாகக் கருதிவிடுதலும் பொருந்தாது. குழாய்த் தண்ணீர் பொதுக் குழாயில் வந்தது. கழிவுநீர் வழி இல்லை. தீ விபத்து என்றும் காத்திருந்த ஆபத்து.

அந்த ஆபத்து 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் நேர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று மூண்ட அத்தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்கள் முதலில் அடைக்கலம் புகுந்த இடம் எது? கிம் செங் சாலையருகே இருந்த பள்ளிக்கூடங்கள். வீடில்லாதவருக்கு முதல் கூரையாக நின்றது பள்ளிக்கூடம் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எரிந்த நிலத்திலேயே அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது.

அதே காலத்தில் கல்வித்துறையிலும் பெரும் வேலை நடந்தது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் பள்ளி வயதை எட்டியிருந்தனர். மாதத்திற்கு ஒரு பள்ளி என்று சொல்லத்தக்க வேகத்தில் கட்டடங்கள் எழுந்தன. அப்படியும் இடம் போதவில்லை. ஆகவே ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என இருவேளைப் பள்ளி முறை நிலைபெற்றது. இம்முறையினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆயின் வீட்டிலே புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. மூத்தவன் விடிவதற்குள் புறப்படுவான். இளையவள் அவன் திரும்பும் நேரத்தில் கிளம்புவாள். இருவருக்கும் இருவேறு நேரத்தில் சோறு. வீட்டில் ஓர் ஆள் நாள் முழுவதும் இருந்தாக வேண்டும். அந்த ஆள் தாய்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டனர். தொடக்கப்பள்ளிகள் அனைத்தும் ஒருவேளைப் பள்ளிகளாக மாறுவது 2016ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. எத்தனை தலைமுறைத் தாய்மார் அந்த இருவேளைக் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

புதிய நகர்களைத் திட்டமிட்டவர்கள் பள்ளியை மறந்துவிடவில்லை. குவீன்ஸ்டவுன் நாட்டின் முதல் துணைநகர். சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1950களில் தொடங்கிய அந்நகரை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடர்ந்து கட்டி முடித்தது. அடுத்து வந்தது தோ பாயோ. இந்நகர்களில் வீடுகளுக்கு நடுவே கடைத்தொகுதி, சந்தை, விளையாட்டுத் திடல், பள்ளி ஆகியவை நடந்து போகும் தூரத்தில் அமையுமாறு இடம் ஒதுக்கினர். பள்ளிக்கு இடம் இருந்தது. ஆனால் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைக்கு?

இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய நெருக்கடி 1970களில் வந்தது. பேட்டைகளின் அருகிலேயே இலேசான தொழில்களுக்கான ஆலைகள் எழுந்தன. வானொலிப் பெட்டி, துணி, மின்னணுப் பொருள்கள் செய்ய இளம்பெண்கள் தேவைப்பட்டனர். 1970இல் வேலை செய்யும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவாகவே வேலையில் இருந்தனர். 1980இல் அது நூற்றுக்கு 44 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. தாய் ஆலைக்குப் போய்விட்டாள். பாட்டியோ வேறொரு பேட்டையில் இருந்தாள். அடுக்குமாடியில் அடுத்த வீட்டார் யார் என்பதே இன்னும் சரியாகத் தெரியவில்லை.

குழந்தைக் காப்பகம் என்பது அப்போது முற்றிலும் புதிய ஏற்பாடன்று. 1946இல் அமைந்த சமூகநலத்துறை, போர்க்கால வறுமையில் வாடிய பிள்ளைகளுக்காக 1947 முதல் உணவு நிலையங்களை நடத்தியது. பின்னர் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்கெனக் காப்பகங்களும் நடந்தன. அவை ஆதரவற்றோருக்கான உதவி என்றே மதிக்கப்பட்டன. 1977இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், அரசாங்கம் நடத்திவந்த பத்துக் காப்பகங்களை ஏற்று நடத்தத் தொடங்கியது. தொழிலாளர் அமைப்பு ஒன்று காப்பகங்களை மேற்கொண்டபோது அவற்றின் பொருளும் மாறியது. குழந்தைப் பராமரிப்பு ஏழைக்கு இடும் உதவி என்ற நிலை போய், உழைக்கும் குடும்பத்துக்கு வேண்டிய வசதி ஆயிற்று.

மற்றொரு பக்கம், மக்கள் கழகத்தின் சமூக மன்றங்களிலும் மக்கள் செயல் கட்சியின் கிளைகளிலும் பாலர் வகுப்புகள் நடந்தன. கட்டணம் குறைவு, வீட்டுக்கு அருகில் இருந்தன. ஆனால் பாலர் வகுப்பு சில மணி நேரமே நடக்கும். முழுநாள் வேலைக்குப் போகும் தாய்க்கு அது பாதி விடைதான். 1970களில் கட்டப்பட்ட அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் திறந்த வெளியாக விடப்பட்டது. திருமணமும் இறுதிச் சடங்கும் நடந்த அக்கீழ்த்தளங்களில், 1980களில் பராமரிப்பு நிலையங்கள் பெருகின. மின்தூக்கியில் இறங்கிக் குழந்தையை விட்டுவிட்டு அப்படியே பேருந்து நிறுத்தத்துக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. 1988இல் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் இன்றி எவரும் நிலையம் நடத்த இயலாது என்றாயிற்று.

பாட்டியையும் தாத்தாவையும் அரசாங்கம் மறந்துவிட்டதா? இல்லை. பெற்றோரும் மணமான பிள்ளைகளும் அருகருகே வீடு பெறக் கூட்டாகக் குலுக்கலில் கலந்துகொள்ளும் ஏற்பாடு 1978இல் வந்தது. அதே ஆண்டில்தான் வெளிநாட்டுப் பணிப்பெண்களை அமர்த்தும் திட்டமும் தொடங்கிற்று. ஆக, கம்பத்தில் தானாக நடந்த ஒரு காரியத்துக்குப் புதிய பேட்டையில் காப்பகம், பாலர் வகுப்பு, பாட்டி வீடு, பணிப்பெண் என நான்கு வழிகள் தோன்றின. நான்குக்கும் செலவு வேறு, பயன் வேறு.

இனி நம் தமிழ்க் குடும்பங்களின் நிலைக்கு வருவோம். தஞ்சோங் பகார், சிராங்கூன் சாலை, செம்பவாங் கடற்படைத் தளம் போன்ற இடங்களில் தமிழர் செறிந்து வாழ்ந்தனர். அங்கெல்லாம் தமிழ்ப் பள்ளிகள் நடந்தன. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. ஆனால் துறைமுகத் தொழிலாளரும் கடற்படைத் தளத் தொழிலாளரும் புதிய நகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் விலகியபோது தளத்தைச் சார்ந்த குடியிருப்புகளின் வாழ்வும் மாறியது. பிள்ளைகள் நாடெங்கும் சிதறினர்.

தமிழ்ப் பள்ளிகள் குறைந்ததற்குக் குடிபெயர்ப்பு ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. வேலைவாய்ப்பைக் கருதிப் பெற்றோரே ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன. 1982இல் உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே முறைக்குள் வந்தன. தமிழ் இரண்டாம் மொழிப் பாடமாக நிலைத்தது. தம் பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணவர்கள் உமறுப் புலவரின் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையத்துக்குச் சென்று படிக்கும் வழி பிறந்தது. 1989இல் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் விகித வரம்பு வகுக்கப்பட்டது. இன ஒற்றுமைக்கு அது துணைசெய்தது. அதே வேளையில், ஒரு பேட்டையில் தமிழ்க் குழந்தைகள் குறைவாகவே இருப்பர் என்பதும் உறுதியாயிற்று. பத்துக் குழந்தைகளாவது சேர்ந்தால்தானே ஒரு தமிழ் வகுப்பு நடத்த மனம் வரும்?

வரலாறு இத்துடன் முடிந்துவிடவில்லை. அன்று புதிதாக இருந்த பேட்டைகளே இன்று பழையவையாகி மறுசீரமைக்கப்படுகின்றன. குவீன்ஸ்டவுனின் டங்லின் ஹால்ட் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் அங்கே எழுந்த பத்து மாடி வீடுகளை ஹொக்கியன் மொழியில் ‘சாப் லாவ்’, அதாவது பத்து மாடி, என்றே மக்கள் அழைத்தனர். அருகில் மலாயா ரயில்பாதை. ரயில்வேத் தொழிலாளர் எழுப்பிய முனீஸ்வரர் ஆலயம் இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கிறது. 2014இல் அப்பகுதியின் 31 புளோக்குகள், 3,480 வீடுகள் மறுமேம்பாட்டுக்குத் தெரிவு செய்யப்பட்டன. குடியிருந்தோருக்கு அருகே டாசன் பகுதியில் மாற்று வீடுகள் ஒதுக்கப்பட்டன. டாசனில் 2015இல் நிறைவுற்ற ஒரு குடியிருப்பில், பெற்றோர் வீடும் பிள்ளைகள் வீடும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்த இணை வீடுகளும் உண்டு. பாட்டியின் மடியை மீண்டும் அருகில் கொண்டுவரும் முயற்சி என்றே நாம் இதனைக் கொள்ளலாம்.

பழைய பேட்டையில் முதியோரே மிகுந்திருப்பர். பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும். புதிய வீடுகள் எழுந்ததும் இளங்குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்து சேரும். அப்போது பராமரிப்பு நிலையங்களில் இடத்துக்குக் காத்திருக்க நேரும். புங்கோல் போன்ற புதிய நகர்களில் பல நூறு குழந்தைகளைக் கொள்ளும் பெரிய நிலையங்கள் கட்டப்பட்டது இதனால்தான்.

இன்று பெற்றோர் முன்னுள்ள வழிகளைச் சுருக்கமாகக் காண்போம். இரண்டு மாதக் குழந்தை முதல் ஏற்கும் கைக்குழந்தைப் பராமரிப்பும், 18 மாதம் முதல் ஏற்கும் முழுநாள் பராமரிப்பும் உள்ளன. 2013இல் அமைந்த பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு இவற்றை மேற்பார்வையிடுகிறது. 2014 முதல் கல்வி அமைச்சே பாலர் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்று தாய்மொழிகளும் கற்பிக்கப்படுகின்றன. தமிழ்ப் பெற்றோருக்கு இது முக்கியச் செய்தி. மற்ற நிலையங்களில் தமிழாசிரியர் உண்டா என்பதை ஒவ்வோர் இடத்திலும் கேட்டே அறிய வேண்டும். தொடக்கப்பள்ளிப் பதிவில் ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை உண்டு. அம்முன்னுரிமையால் இடம் பெற்றவர்கள் அந்த முகவரியில் 30 மாதங்களாவது வசிக்க வேண்டும். வீடு மாறப்போகும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நலம். பள்ளி விட்டபின் பிள்ளைகள் தங்க, பள்ளி வளாகத்திலேயே மாணவர் பராமரிப்பு நிலையங்களும் நடக்கின்றன.

நேயர்களே, புதிய வீட்டின் சாவி கைக்கு வருமுன்னரே மூன்று கேள்விகளைக் கேட்போம். பகலில் குழந்தை எங்கே இருக்கும்? பள்ளிக்கு எப்படிப் போகும்? தமிழை எங்கே கற்கும்? பக்கத்து நிலையத்தில் தமிழ் இல்லையென்றால், அதே பேட்டையிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடித் தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்கலாம். தனித்தனியே கேட்டால் ஒரு பிள்ளை; சேர்ந்து கேட்டால் ஒரு வகுப்பு. கம்பத்தில் கதவைத் திறந்து வைத்தாலே அண்டை வீட்டார் வந்துவிடுவர். அடுக்குமாடியில் நாம்தான் சென்று கதவைத் தட்ட வேண்டும். பிள்ளைகளை முன்னிட்டு அதனைச் செய்வோமாக.