தபால்காரர் தொடங்கிய போலீஸ் பள்ளி

1904-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற ஊர். சரக்கு ஏற்றிய ஒரு ரயில் பெட்டி பிடி விட்டுப் போய், சரிவில் தானாக உருண்டு ஓடத் தொடங்கியது. அது போகும் பாதையில் பயணிகள் ரயில் ஒன்று! அந்த ஊரில் தபால்காரராக இருந்த ஓர் இளைஞர் ஓடிப் போய்ப் பெட்டியில் தாவி ஏறி, பிரேக்கைப் போட்டு நிறுத்தினார். ஒரே நாளில் ஊருக்கே ஹீரோ ஆனார்.

அவர் பெயர் ஆகஸ்ட் வோல்மர். அடுத்த ஆண்டே, 1905-ல், ஊர் மக்கள் வாக்களித்து அவரை மார்ஷல் பதவியில் உட்கார வைத்தார்கள். ஊரின் சட்டம் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் பதவி அது. 1909-ல் அதே ஊரின் முதல் போலீஸ் தலைவரும் ஆனார். உயர்நிலைப் பள்ளியைக் கூடத் தாண்டாத இந்த மனிதர்தான், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்றே தனிப் பள்ளி உருவாகக் காரணமானவர். அந்தப் பள்ளி 1950-ல் பிறந்து, 1976-ல் மூடப்பட்டது. ஆயுள் 26 ஆண்டுகள்தான். ஏன் பிறந்தது, ஏன் மூடினார்கள் என்பது சுவாரசியமான கதை. கொஞ்சம் வருத்தமான கதையும்கூட.

(அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'ஸ்கூல்' என்றால் சிறுவர்கள் படிக்கும் பள்ளிக்கூடம் இல்லை. தனி டீன், தனிப் பேராசிரியர்கள், தனிப் பட்டம் என்று பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே இயங்கும் பெரிய பிரிவு. சட்டப் பள்ளி, மருத்துவப் பள்ளி என்பது போல.)

போலீசுக்கு எதற்குப் படிப்பு?

அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் போலீஸ் வேலை என்பது பெரும்பாலும் அரசியல் சிபாரிசில் கிடைக்கும் வேலை. கட்சிக்காரருக்கு வேண்டியவராக இருந்தால் போதும். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தடியும் துப்பாக்கியும் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையை வரவழைக்க 'தேர்டு டிகிரி', அதாவது அடி, உதை, தூங்க விடாமல் விசாரிப்பது.

வோல்மருக்கு இது பிடிக்கவில்லை. மருத்துவருக்குப் படிப்பு வேண்டும், வக்கீலுக்குப் படிப்பு வேண்டும், மனிதனின் சுதந்திரத்தையே பறிக்கும் அதிகாரம் உள்ள போலீஸ்காரருக்கு மட்டும் வேண்டாமா? 1908-லேயே தன் காவலர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். உள்ளூரிலேயே கலிபோர்னியா பல்கலைக்கழகம் இருந்தது வசதியாகப் போயிற்று. 1916-ல் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிட் என்பவரோடு சேர்ந்து, அந்தப் பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறைக் குற்றவியல் வகுப்புகளைத் தொடங்கினார். கல்லூரி மாணவர்களையே போலீஸ் வேலைக்கு எடுத்தார். 'காலேஜ் போலீஸ்' என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்தார்கள்.

சைக்கிள் ரோந்து, மோட்டார் சைக்கிள் ரோந்து, பிறகு கார் ரோந்து என்று ஒவ்வொன்றாக வந்தது. 1921-ல் அவரிடம் வேலை பார்த்த ஜான் லார்சன் 'பொய் கண்டுபிடிக்கும் கருவி'யை உருவாக்கினார். இந்த லார்சன் உடலியங்கியலில் டாக்டர் பட்டம் பெற்றவர்! அடிப்பதற்குப் பதில் அறிவியல் என்பதுதான் நோக்கம். ஆனால் அந்தக் கருவி பயன்படுத்தப்பட்ட விதத்தைப் பார்த்து லார்சனே பிற்காலத்தில் மனம் நொந்தார் என்பது வேறு கதை.

எல்லாமே நல்லதாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. வோல்மர் ஸ்பெயினுடனான போரின்போது பிலிப்பைன்ஸில் சிப்பாயாக இருந்தவர். ஓர் அன்னிய நாட்டை அடக்கி ஆளும் படையில் கற்றதும் அவருடைய போலீஸ் முறையில் கலந்திருந்தது. 1917-ல் வெளியான அவருடைய பள்ளியின் பாடத் திட்டத்தில், கைரேகை, சட்டம், மனநோய் ஆகியவற்றோடு, 'தகுதியானவர்கள் மட்டும் பெருக வேண்டும்' என்று சொல்லும் யூஜெனிக்ஸும் ஒரு பாடம். அன்றைய அறிவியல் என்ற பெயரில் இதுவும் உள்ளே வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குறையைச் சொன்ன போலீஸ்காரர்

1929-ல் அதிபர் ஹூவர், முன்னாள் அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம் தலைமையில் ஒரு கமிஷன் அமைத்தார். நாடு முழுவதும் சட்டத்தை அமல்படுத்துவது எப்படி நடக்கிறது என்று ஆராய்வது அதன் வேலை. 1931-ல் வந்த அதன் அறிக்கைகளில் போலீஸ் பற்றிய அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு வோல்மரிடம் இருந்தது. அரசியல்வாதிகளின் பிடி, தகுதியில்லாத ஆட்கள், பயிற்சியின்மை என்று போலீஸின் நோய்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டது அது. அதே கமிஷனின் இன்னொரு அறிக்கை, தேர்டு டிகிரி நாடெங்கும் பரவலாக நடக்கிறது என்று அம்பலப்படுத்தியது.

ஆக, போலீஸின் குறையை வெளிப்படையாகப் பேசுவது போலீசுக்கு எதிரானது என்று வோல்மர் நினைக்கவில்லை. போலீஸ் கல்வியின் தந்தை என்று போற்றப்படுபவரே அப்படித்தான் இருந்தார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சில காலம் போலீஸ் நிர்வாகப் பேராசிரியராக இருந்துவிட்டு, பெர்க்லிக்கே திரும்பிப் பேராசிரியர் ஆனார். பழைய தபால்காரர், பேராசிரியர்! அவருடைய மாணவர் ஓ. டபிள்யூ. வில்சன் 1939-ல் அதே பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். பல வருட முயற்சிக்குப் பிறகு 1950-ல் குற்றவியல் பள்ளி தனியாக உருவானது. வில்சன்தான் முதல் டீன்.

வில்சன் காலம்

வில்சனுக்கு நிர்வாகம்தான் உயிர். எந்தத் தெருவுக்கு எத்தனை ரோந்து, எந்த நேரத்தில் எத்தனை பேர், ஒரு காருக்கு ஒருவரா இருவரா என்று கணக்குப் போட்டு வேலை செய்தவர். 1950-ல் வந்த அவருடைய 'போலீஸ் நிர்வாகம்' என்ற நூல் பல ஆண்டுகள் அந்தத் துறையின் பாடப் புத்தகமாக இருந்தது. அதே பள்ளியில் பால் கிர்க் என்ற உயிர்வேதியியல் அறிஞர் தடய அறிவியலை வளர்த்தார். மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் சாம் ஷெப்பர்டின் வழக்கில், 1955-ல் ரத்தக் கறைகளை ஆராய்ந்து கிர்க் கொடுத்த அறிக்கை மிகவும் பேசப்பட்டது.

வோல்மர் அந்த ஆண்டின் இறுதியைப் பார்க்கவில்லை. நோயின் வேதனை தாங்காமல் 1955 நவம்பரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

1960-ல் சிகாகோவில் போலீஸ்காரர்களே திருடர்களோடு சேர்ந்து கொள்ளையடித்த விவகாரம் வெடித்தது. நகர மேயர் வில்சனை அழைத்துப் போலீஸ் தலைமையைக் கொடுத்தார். வில்சன் போனதும் 1961-ல் ஜோசப் லோமன் டீன் ஆனார். இவர் சமூகவியல் படித்தவர், சிகாகோ பகுதியின் ஷெரிஃப் பதவியிலும் இருந்தவர். இவர் காலத்தில்தான் பள்ளியின் பார்வை மெல்ல மாறியது. போலீஸ் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதோடு, மக்கள் போலீஸை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. சிறுபான்மை மக்களுக்கும் போலீசுக்கும் நடுவே இருந்த ஆழமான அவநம்பிக்கையை 1966-ல் பள்ளியின் ஆய்வு ஒன்று பதிவு செய்தது.

வாசலுக்கே வந்த பாடம்

1960-களின் கடைசியில் பெர்க்லி அமைதியான ஊராக இல்லை. வியட்நாம் போர் எதிர்ப்பு, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், மாணவர் கிளர்ச்சி என எல்லாம் ஒரே இடத்தில். 1969 மே 15 அன்று 'மக்கள் பூங்கா' என்ற இடத்துக்காக நடந்த மோதலில் ஷெரிஃபின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். ஜேம்ஸ் ரெக்டர் என்ற இளைஞர் உயிரிழந்தார். கவர்னர் ரீகன் ராணுவக் காவல் படையை ஊருக்குள் இறக்கினார். போலீஸ் பற்றிப் பாடம் நடத்தும் வகுப்பறைக்கு நடந்து போகிற தூரத்திலேயே இவ்வளவும் நடந்தது!

வகுப்பறை சும்மா இருக்குமா? 1970-ல் ஹெர்மன் ஷ்வெண்டிங்கர், ஜூலியா ஷ்வெண்டிங்கர் தம்பதியர், பள்ளியின் மாணவர்கள் நடத்திய ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சட்டப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் குற்றமா? அநியாயப் போர், இனவெறி, வறுமையில் தள்ளுவது இதெல்லாம் குற்றம் இல்லையா? குற்றவியலாளர் யாரைக் காப்பவர், அரசின் ஒழுங்கையா, மனித உரிமையையா? இதுதான் அவர்கள் கேள்வி.

இளம் பேராசிரியர் டோனி பிளாட், சிறார் நீதிமன்றங்கள் உண்மையில் ஏழைக் குழந்தைகளைக் காப்பாற்றவா வந்தன, கட்டுப்படுத்தவா என்று தன் நூலில் கேட்டார். பால் டகாகி என்ற இன்னொரு பேராசிரியர், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். இரண்டாம் உலகப் போரின்போது, ஒரு குற்றமும் செய்யாமல், மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர். பின்னாளில் பரோல் அதிகாரியாக வேலை பார்த்தவர். அரசு அடைத்து வைப்பது என்றால் என்ன என்பது இரண்டு பக்கமும் இருந்து அவருக்குத் தெரியும். போலீஸ் கையால் இறப்பவர்களில் கறுப்பின ஆண்களின் விகிதம் வெள்ளையரைவிடப் பல மடங்கு என்று 1974-ல் அவர் எண்களோடு எழுதினார்.

1975-ல் இவர்களைச் சேர்ந்த குழு ஒன்று 'இரும்புக் கை, வெல்வெட் கையுறை' என்ற பொருள் தரும் தலைப்பில் அமெரிக்கப் போலீஸ் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. வோல்மர் கொண்டுவந்த 'தொழில்முறைப் போலீஸ்' என்ற கருத்தையே அது விசாரணைக் கூண்டில் ஏற்றியது. தொழில்நுட்பமும் பயிற்சியும் அடக்குமுறையைக் குறைத்ததா, இல்லை கூர்மையாக்கியதா? தன்னை உருவாக்கியவரையே கேள்வி கேட்கும் இடத்துக்குப் பள்ளி வந்துவிட்டது.

மூடு விழா

பிளாட்டுக்கும் ஹெர்மன் ஷ்வெண்டிங்கருக்கும் நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. பள்ளியை மூடப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் 1974-ல் மாணவர்கள் திரண்டு போராடினார்கள். பள்ளி இயங்கிய ஹேவிலண்ட் ஹால் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆனாலும் 1976-ல் பள்ளி மூடப்பட்டது.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. வேலைக்கான பயிற்சியா, ஆராய்ச்சியா என்பதில் பள்ளிக்கு ஆரம்பம் முதலே குழப்பம் உண்டு, கல்வித் தரம் போதவில்லை, குற்றவியலைச் சட்டத் துறையிலும் சமூகவியலிலும் வைத்தே படிக்கலாம் என்றார்கள். இதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குழப்பம் 1950-லும் இருந்தது, 1960-லும் இருந்தது. அப்போதெல்லாம் மூடப்படாத பள்ளி, பேராசிரியர்கள் போலீஸை எதிர்த்துப் பேசத் தொடங்கிய பிறகு மூடப்பட்டது. அரசியல் காரணம்தான் என்று மாணவர்கள் நம்பியதில் ஆச்சரியம் என்ன?

இன்னொரு முரண் இருக்கிறது. பெர்க்லியில் மூடிய அதே காலத்தில் நாடெங்கும் இந்தப் படிப்பு பெருகிக்கொண்டிருந்தது! 1968-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, போலீஸ்காரர்கள் கல்லூரியில் படிக்கப் பண உதவி கிடைக்க வழி செய்தது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் 'குற்ற நீதி' படிப்பைத் தொடங்கின. அந்தப் பணத்துக்குப் பெரும்பாலும் வேண்டியிருந்தது நிர்வாகப் பாடம்தான். அதே 1976-ல் நியூயார்க்கில் ஜான் ஜே கல்லூரியையும் மூடப் பார்த்தார்கள். அங்கே காரணம் நகரத்தின் பணத் தட்டுப்பாடு. ஆசிரியர்களும் மாணவர்களும் போராடியதில் அந்தக் கல்லூரி பிழைத்துக்கொண்டது.

பிறகு?

டகாகி அதே பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளிக்கு மாற்றப்பட்டார். 2015-ல் காலமானார். பிளாட் சாக்ரமென்டோவில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகத் தொடர்ந்தார். அவர்கள் கேட்ட கேள்விகளும் சாகவில்லை. போலீஸ் மீதான புகார்களைப் பொதுமக்களே விசாரிக்கும் குழு ஒன்றை பெர்க்லி வாக்காளர்கள் 1973-லேயே ஏற்படுத்தியிருந்தார்கள். 2020 தேர்தலில் அதற்குப் பதிலாக இன்னும் அதிகாரமுள்ள ஓர் அமைப்புக்கு வாக்களித்தார்கள். மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்ததும் அதே 2020-ல்தான்.

வோல்மர் விரும்பியது படித்த போலீஸ். படிப்பு என்று ஒன்று வந்துவிட்டால் கேள்வியும் கூடவே வரும். கைரேகை எடுக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு வேண்டும், யாருடைய கைரேகை மட்டும் அதிகம் எடுக்கப்படுகிறது என்று கேட்கும் வகுப்பும் வேண்டும். முதல் வகுப்பு மட்டும் இருந்த காலத்தில்தான் யூஜெனிக்ஸ் போன்ற ஒரு பாடம் அறிவியல் என்று உள்ளே நுழைய முடிந்தது, தடுத்துக் கேட்க ஆள் இல்லை. பெர்க்லி பள்ளியில் கொஞ்ச காலம் இரண்டு வகுப்புகளும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. சண்டையும் சச்சரவுமாகத்தான் நடந்தன, ஆனால் நடந்தன. மூடிய பிறகு பயிற்சி ஒரு பக்கம் போனது, விமர்சனம் இன்னொரு பக்கம் போனது. இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல் போனதுதான் உண்மையான நஷ்டம்.