நாலாவது தடை

1929இல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸின் 'பிராக்டிகல் கிரிட்டிசிஸம்' வெளிவந்தபோது இலக்கியப் படிப்பின் அந்தரங்கம் ஒன்று அம்பலமாயிற்று. கேம்ப்ரிட்ஜில் அவர் செய்தது எளிய காரியம்தான். கவிதைகளை அச்சடித்து மாணவர்களிடம் கொடுத்தார். எழுதியவன் பெயர் கிடையாது, காலம் கிடையாது. ஒரு வாரம் வைத்திருந்து தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த அபிப்பிராயங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் இலக்கியத்தையே பாடமாக எடுத்தவர்கள். இருந்தும், ஜான் டன் என்று தெரியாதபோது டன் அவர்களைத் தடுமாற வைத்துவிட்டார். லாரன்ஸின் 'பியானோ'வைப் பலர் வெறும் அழுமூஞ்சித்தனம் என்று தள்ளினார்கள். அதில் பேசுகிறவன், பாட்டு தன்னைப் பால்யத்துக்கு இழுப்பதை எதிர்த்து நிற்கிறான் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

வாசிப்புக்கு நேரும் பத்துத் தடைகளை ரிச்சர்ட்ஸ் வரிசைப்படுத்துகிறார். நாலாவது, வாசகனின் சொந்த ஞாபகம். கவிதை எதையோ நினைவூட்ட, அவன் கவிதையை விட்டுவிட்டு அந்த நினைவிலேயே உட்கார்ந்துவிடுகிறான். எது சம்பந்தமுள்ள ஞாபகம், எது இல்லாதது என்று வரையறுப்பது சுலபமல்ல என்று அவரே கூடவே சொல்லிவைக்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

தமிழிலும் இதன் சாயல் உண்டு. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா, புதுக்கவிதை புரியவில்லை என்றவர்களுக்கு அதை அலசிக் காட்டினார். பெரிய காரியம் அது. கவிதையின் கட்டுக்கோப்பு தெரிந்தது. புதிதாக வருகிற வாசகன் தன் ஞாபகத்தை எங்கே இறக்கிவைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்தப் பதின்மூன்றில் ஹாப்கின்ஸின் கவிதையும் ஒன்று. 1880இல் எழுதப்பட்டு, அவர் இறந்த பிறகுதான் அச்சேறியது. இலை உதிர்வதைப் பார்த்து ஒரு சிறுமி அழுகிறாள். கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்குக் கவிதைப் பழக்கம் இல்லை. அவர் ஒட்டிச் செய்த சொற்கள் அகராதியிலும் அகப்படவில்லை. எங்கள் கொல்லை வேப்பமரத்தை வெட்டிய நாள்தான் ஞாபகம் வந்தது. அதையே எழுதிக் கொடுத்தேன். "உன் வீட்டு மரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வா" என்றார் ஆசிரியர். அவர் ரிச்சர்ட்ஸ் படித்தவர்.

விட்டுவிட்டு வந்திருந்தால் நான் உள்ளே போயிருக்கவே மாட்டேன் என்று இப்போது படுகிறது. மரம்தான் பாதி தூரம் அழைத்துப் போயிற்று. மிச்சப் பாதிக்கு அது உதவவில்லை. முடிவில் கவிதை அந்தச் சிறுமியிடம், அழுவது இலைக்காக அல்ல என்கிறது. நான் மரத்துக்காகத்தான் அழுததாக நம்பிக்கொண்டிருந்தேன். பாட்டி கட்டில் போட்டுப் படுத்திருந்த மரம் அது. அவள் போன மறுமாசம் வெட்டினார்கள். பாட்டி சாவுக்கு நான் அழவில்லை.

பல வருஷம் கழித்து மறுபடி படித்தபோது, 'பாட்டிக்காக' என்று திருத்திக்கொண்டேன். கவிதை அதற்கும் சம்மதிக்கவில்லை. சிறுமி அழுவது தனக்காகவே என்றுதான் அது சொல்கிறது.