இராணுவத்தை விட்டு இன்ஜினியரிங் படிக்கலாமா? பிள்ளை உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இராணுவச் சீருடை புதிய காட்சியல்ல. 1933-இல் மலாய் ரெஜிமென்ட் உருவானது போர்ட்டிக்சனில்தான். தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி மையமும் அங்கேதான் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்துப் படையில் சேர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பிறந்த பிறகு “டிகிரி படிச்சா என்ன?” என்ற எண்ணம் வரலாம். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் எப்போது வெளியேறுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

பென்ஷன் கிடைக்குமா?

அதிகாரி அல்லாத வீரர்கள் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். 18 வயதில் சேர்ந்தவருக்கு அது 39 வயதில் வரும். அதற்கு முன்பே ஒப்பந்தம் முடித்து வெளியேறினால் மாதப் பென்ஷன் இல்லை.

அனுமதி இல்லாமல் நின்றுவிடவும் முடியாது. 1972-ஆம் ஆண்டு ஆயுதப் படைச் சட்டப்படி அது குற்றம்.

எல்டாட் பணம் எவ்வளவு?

எல்டாட் நிதியில் வீரர் சம்பளத்தில் 10 விழுக்காடும், அரசு 15 விழுக்காடும் செலுத்துகின்றன. பென்ஷன் இல்லாமல் வெளியேறுபவருக்கு இரண்டு பங்கும் கிடைக்கும். பென்ஷன் பெறுபவருக்குத் தம்முடைய பங்கும் அதற்கான லாப ஈவும் மட்டுமே. மொத்தமாக வரும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் நான்கு ஆண்டுப் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் அதுதான் கையிருப்பு என்றால், மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீடு எங்கே?

இராணுவக் குடும்பக் குடியிருப்பு, பணியில் இருப்பவர்களுக்கானது. “அம்மா அப்பா தோட்டத்துல இருக்காங்க, அங்க போயிடலாம்”னு நினைக்கலாம். தோட்ட வீடும் நிர்வாகத்துக்குச் சொந்தம். பெற்றோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதுவும் கைவிட்டுப் போகலாம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதை வீடு முடிவான பிறகே திட்டமிட முடியும்.

எஸ்.பி.எம். மட்டும் இருந்தால்?

எம்.கியூ.ஏ.வின் அப்பெல் முறையில், 21 வயதைக் கடந்து தொடர்புடைய வேலை அனுபவம் உள்ளவர்கள் இளங்கலைக்கு மதிப்பீடு செய்துகொள்ளலாம். ஜெனரேட்டர், வாகனம், தொலைத்தொடர்பு சாதனம் பழுதுபார்த்த அனுபவத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆகவே பயிற்சிச் சான்றிதழ்களை வெளியேறும் முன்பே சேகரித்துவிடுங்கள்.

அப்பெல் சான்றிதழ் கிடைத்தாலே பொறியியலில் இடம் உறுதி என்று பொருளல்ல. கணிதம், இயற்பியல் அடிப்படையையும் பல்கலைக்கழகம் பார்க்கும். போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து டிகிரிக்குப் போவது இன்னொரு வழி.

எந்த டிகிரி?

பொறியியலாளராகப் பதிவு செய்ய நினைப்பவர்கள், இ.ஏ.சி. அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டமா என்று கேட்டே சேர வேண்டும். மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் உறுப்பு நாடு என்பதால், அந்த டிகிரிக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. ‘இன்ஜினியரிங் டெக்னாலஜி’ டிகிரி வேறு. அதற்கான பதிவு, 2015 சட்டத்தின் கீழ் அமைந்த எம்.பி.ஓ.டி.யிடம்.

எப்போது கிளம்பலாம்?

17, 18 ஆண்டுகள் முடித்தவர் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்தால், படிக்கும்போதே மாதப் பென்ஷன் கைக்கு வரும். அந்த இடைவெளியில் கணிதத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பத்தாண்டு அளவில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. முன்னால் நீண்ட வேலைக்காலம் இருக்கிறது, பிள்ளையும் சின்னது. கணவன் அல்லது மனைவிக்கு நிலையான வருமானம் இருந்தால் இப்போதே கிளம்புவதில் நியாயம் உண்டு.

எதுவானாலும், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகே வெளியேறும் மனுவைக் கொடுங்கள்.