தோள்துண்டும் இடைத்துணியும்

தாய்நாட்டை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்குக் கோலார்த் தங்கவயல் புதிய பெயரன்று. அங்கே நந்தி மலையின் பெயரைத் தாங்கி, நந்திதுர்க் என்றொரு சுரங்கம் இருந்தது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அவ்வட்டாரத்தில் தங்கம் எடுக்கத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதி திராவிட மக்கள்.

தங்கவயலின் மிக ஆழமான குழிகள் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றன. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை சென்டிகிரேடைத் தாண்டும். பழைய நாட்களில் அவ்வெக்கையில் பாறையைத் துளைத்த தொழிலாளியின் உடலில் இடைத்துணி ஒன்றே மிஞ்சியிருந்தது. அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமையன்று வெளுத்த வேட்டியும் சட்டையும் அணிந்து தெருவில் நடந்தார். ஆடையற்ற உடலைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த எண்ணம் யாது? அது பெருமையா, இழிவா? இவ்வினாவைத் தொழிலாளியின் இவ்விரு கோலங்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு ஆராய்வோம்.

வெப்ப நாட்டினராகிய நமக்கு வெற்றுடம்பு இயல்பாகவே குற்றமுடையதன்று. கன்னட நாட்டின் சிரவணபெளகொளாவில் 57 அடி உயரக் கோமதேசுவரர் ஆடை ஏதுமின்றி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நின்று கொண்டிருக்கிறார். அவர் காலடியில் மக்கள் கைகூப்பி நிற்கின்றனர். பழனியில் முருகப்பெருமான் கோவணத்துடன் காட்சி தருகிறார். தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றில் ஆடவர் மேலாடையைக் களைந்து வழிபடுவது இன்றும் வழக்கமாக உள்ளது. துறந்தவரின் வெற்றுடம்பு தூய்மையின் அடையாளம். இறைவன் முன் நிற்பவரின் வெற்றுடம்பு பணிவின் அடையாளம்.

இப்பணிவு என்ற சொல்லில்தான் சிக்கல் பிறந்தது. இறைவனுக்குக் காட்டிய பணிவை மனிதனுக்கும் காட்டுமாறு சாதி கட்டளையிட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் தோளில் துண்டு போடக்கூடாது. நிலக்கிழாரைக் கண்டால் அதனை எடுத்து அக்குளில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. தோளில் கிடந்த ஒரு முழத் துணி வெயிலுக்காக அணிந்ததன்று. அது அணிந்தவன் தலைநிமிர்ந்து நிற்பதைக் காட்டியது. ஆகவேதான் அதனைக் கண்டு சிலர் சினந்தனர்.

இக்கொடுமை மிகக் கடுமையாக வெளிப்பட்ட இடம் தென் திருவிதாங்கூர். அப்பகுதியே 1956-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுடன் இணைந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அந்நாட்டில் உயர்ந்தோர் முன் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை எனக் கருதப்பட்டது. நாயர் குலப் பெண்களும் தமக்கு மேற்பட்டோர் முன் அவ்வாறே நின்றனர். ஆனால் நாடார் குலப் பெண்களுக்கோ மேலாடை என்றும் எவர் முன்னும் மறுக்கப்பட்டது. கிறித்தவ சமயம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்தது. 1829-ஆம் ஆண்டின் அரசாணையும் அச்சட்டையை அனுமதித்தது. ஆனால் தோள்சீலையைத் தடுத்தது.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். உடலை மறைப்பது மட்டுமே நோக்கமாயின், சட்டை கிடைத்தவுடன் கிளர்ச்சி ஓய்ந்திருக்கும். அது ஓயவில்லை. அப்பெண்கள் கேட்டது உயர்சாதிப் பெண்கள் அணிந்த அதே தோள்சீலையை. மானத்தோடு சமத்துவத்தையும் அவர்கள் வேண்டினர். 1858-ஆம் ஆண்டில் மீண்டும் கலகம் மூண்டது. சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தியதன் பேரில், 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்கலாம். எனினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்றது அவ்வாணை. துணியைக் கொடுத்தவர்கள் சமத்துவத்தைக் கொடுக்க அப்போதும் தயங்கினர்.

இதற்கு நேர்மாறான காட்சியை மதுரை கண்டது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் காந்தியடிகள் அங்கே தம் மேலாடையைத் துறந்து, ஏழை உழவனின் அரையாடையை ஏற்றார். கட்டாயத்தால் ஏழைக்கு இழிவாக இருந்த அதே கோலம், விருப்பத்தால் அடிகளுக்குப் பெருமையாயிற்று.

இனி மீண்டும் தங்கவயலுக்கு வருவோம். ஊரில் துண்டு மறுக்கப்பட்ட மக்கள் அங்கே கூலியைப் பணமாகப் பெற்றனர். அப்பணத்தில் விரும்பியதை வாங்கி உடுத்தனர். நிலக்கிழாரின் கண் அவர்களைப் பின்தொடரவில்லை. ஆயினும் வேறொரு கண் காத்திருந்தது. தங்கத் திருட்டைத் தடுக்கும் பொருட்டு, சுரங்கத்திலிருந்து மேலேறி வருவோரின் உடலைச் சோதிக்கும் வழக்கம் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களிலும் இத்தகைய சோதனை உண்டு. ஆடை களையச் செய்யும் அச்சோதனையை எதிர்த்து 1883-ஆம் ஆண்டில் வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாளடைவில் அவர்களுக்கு அது தளர்ந்தது. கறுப்புத் தொழிலாளருக்கோ தளரவில்லை. தங்கவயல் தொழிலாளர் 1930-ஆம் ஆண்டில் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். உழைக்கும் உடலைக் குற்றவாளியின் உடலாகக் கருதுவதையே அவர்கள் மறுத்தனர்.

ஆகவே இழிவு வெற்றுடம்பில் இல்லை. கோமதேசுவரரும் காந்தியடிகளும் தாமே துறந்தனர். குழியினுள் இறங்கியவர் வெக்கையின் பொருட்டுக் களைந்தார், அதிலும் இழிவில்லை. ஒருவரது உடலைத் திறப்பதும் மூடுவதும் பிறர் கட்டளையாகும்போதுதான் இழிவு பிறக்கிறது. அவ்விழிவும் கட்டளையிட்டவரையே சாரும்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. நம்மவர் பலர் அங்கிருந்து வேலை தேடி வேற்றூர்களுக்குச் சென்றனர். புதிய ஊர்களில் பணிந்து நிற்கச் சொல்வோர் புதிய உருவில் வரக்கூடும். அந்நாளில், தோளில் ஒரு துண்டுக்காக நம் பாட்டன்மாரும், ஒரு சீலைக்காகத் தென்குமரிப் பெண்களும் பட்ட பாட்டை நாம் நினைவில் கொள்வோமாக.